வாலிபர் ஊழியத்தில் பொறாமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் களியக்காவிளை, பாறசாலை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சபைகளில் வாலிபர் ஐக்கியத்தையும் ஞாயிறு பள்ளியையும் பாடகர் குழுவையும் பொறுப்பெடுத்து நடத்தும் இளைஞர்கள், கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தனியே வந்து என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, என்னால் இயன்ற பதிலை இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் அல்லன். ஒரு கிராமச் சபையில் ஏழு ஆண்டுகள் வாலிபர் ஐக்கியச் செயலராக இருந்தவன். அவற்றில் மூன்று ஆண்டுகளை ஒரு தம்பியின்மேல் கொண்ட பொறாமையோடு கழித்தவன். வசனங்களை வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். நம் காதில் பழகிய சொற்கள் அவைதாம்.

பொறாமை என்றால் சரியாக எது? இன்னொருவரைப் போல் ஆக விரும்புவதும் பொறாமையா?

இல்லை. ஒருவன் நன்றாகத் தேவசெய்தி கொடுப்பதைக் கேட்டு, நானும் இப்படி ஆயத்தப்பட வேண்டும் என்று வீட்டுக்குப் போய் வேதத்தைத் திறப்பவன் பொறாமைக்காரன் அல்லன். அதே செய்தியைக் கேட்கும்போது ஏதாவது ஒரு பிழை அகப்படாதா என்று காத்திருந்து, வசன எண்ணை அவன் மாற்றிச் சொன்னதும் உள்ளுக்குள் ஆறுதல் அடைகிறவனுக்குத்தான் இந்த நோய் இருக்கிறது. அவனிடம் இருப்பது எனக்கும் வேண்டும் என்பது ஆசை. அவனிடம் அது இல்லாமற்போனால் போதும், எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று மனம் சொல்லுமானால் அது பொறாமை.

இளம் தாவீதின்மேல் பொறாமைகொண்ட சவுல் அரசனைக் குறித்து 1 சாமுவேல் 18:9 "காய்மகாரம்" என்ற சொல்லை வைத்திருக்கிறது. மலையாளத்தில் பொறாமைக்குக் "குசும்பு" என்று பெயர். எல்லையோரத்தில் நாமும் அந்தப் பொருளில் அதைச் சொல்கிறோம், நாகர்கோவிலைத் தாண்டிக் கிழக்கே போனால் அதே சொல்லுக்குச் சேட்டை என்றுதான் பொருள். அந்தச் சொல்லை உதிர்க்கும்போது சிறிய காரியத்தைச் சொல்வதுபோலச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். நீதிமொழிகள் 14:30 அதைச் சிறிதாக எண்ணவில்லை: "சொஸ்தமனம் உடலுக்கு ஜீவன்; பொறாமையோ எலும்புருக்கி." காசநோயை முன்னோர் எலும்புருக்கி என்றே அழைத்தார்கள். வெளியே காயம் எதுவும் காட்டாமல், உள்ளிருந்தே ஆளைக் கரைக்கும் நோய் அது.

ஊழியத்தில் இருக்கிற எனக்குப் பொறாமை வருகிறது என்றால், என் அழைப்பே பொய்யா?

பொய் அல்ல. தங்களில் எவன் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் பண்ணியது கடைசி இராப்போஜனப் பந்தியில் என்று லூக்கா 22 சொல்கிறது. ஆண்டவர் அவர்களைத் திருத்தினார், துரத்திவிடவில்லை. ஆனால் வந்த பொறாமையை உபசரித்து வீட்டுக்குள் உட்காரவைப்பது வேறு காரியம். தம்பி ஆபேல்மேல் எரிச்சல்கொண்ட காயீனுக்குக் கர்த்தர் சொன்னதும் அதுதான்: பாவம் வாசற்படியில் படுத்திருக்கும், அவனோ அதை ஆண்டுகொள்ள வேண்டும். வாசற்படியில் கிடப்பதற்காக எவரும் தம் அழைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கர்த்தரே தம்மை "எரிச்சலுள்ள தேவன்" என்று சொல்லுகிறாரே? வைராக்கியத்துக்கும் பொறாமைக்கும் என்ன வேறுபாடு?

யாத்திராகமம் 20:5-இல் வரும் எரிச்சல், தமக்கென்று உடன்படிக்கை பண்ணிக்கொண்ட ஜனத்தை இன்னொன்றுக்குப் பறிகொடுக்க மனமில்லாத அன்பின் எரிச்சல். அவருடையதல்லாத எதையும் அவர் அங்கே கேட்கவில்லை. நம் பொறாமையோ பெரும்பாலும் நமக்குச் சொந்தமில்லாததைக் குறித்தே வருகிறது: இன்னொருவன் குரல், இன்னொருவன் நாவன்மை, இன்னொருவனைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் "சேலோஸ்" என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. தேவாலயத்தைச் சுத்திகரித்த இயேசுவைப் பற்றி யோவான் 2:17 "பக்திவைராக்கியம்" என்கிற இடத்திலும் அதே சொல். யாக்கோபு 3:14 "கசப்பான வைராக்கியம்" என்கிற இடத்திலும் அதே சொல். யாக்கோபு சேர்த்த "கசப்பான" என்ற ஓர் அடைமொழியே வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகையால் என் வைராக்கியம் எந்த வகை என்று அறிய விரும்பினால், அதை அனுபவிக்கும்போது வாய் கசக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

எண்ணாகமம் 11-ஐ வாலிபத் தலைவர்கள் அனைவரும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எழுபது மூப்பர்கள் கூடாரத்தைச் சுற்றி நிற்க, எல்தாத், மேதாத் என்ற இருவர் மட்டும் பாளயத்திலேயே இருந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மோசேயிடமிருந்த வாலிபரில் ஒருவனாகிய யோசுவா, "அவர்களைத் தடைபண்ணும்" என்றான். முறைப்படி வராதவர்களுக்கு எதற்கு மேடை என்ற அவன் எண்ணம் ஒழுங்கைக் குறித்த அக்கறைபோலவே தோன்றுகிறது. மோசே அதன் அடியைத் தொட்டுக் கேட்டார்: "நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ?" கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசனம் சொன்னால் நலமாயிருக்குமே என்றும் சொன்னார். அந்த யோசுவாதான் பிறகு ஜனத்தைக் கானானுக்குள் நடத்திச் சென்றவன். வாலிப வயதில் திருத்தப்பட்டதை அவனுக்குக் கிடைத்த கிருபை என்றே நான் எண்ணுகிறேன்.

இளம் தலைவர்களுக்கு இது ஏன் இவ்வளவு கடுமையாக வருகிறது?

பொறாமை தூரத்தில் இருப்பவர்மேல் வருவதில்லை. பம்பை ஆற்று மணற்பரப்பில் நடக்கும் மாராமண் கன்வென்ஷன் என்ற பெரிய கிறிஸ்தவக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பேசுகிறவரைப் பார்த்து நமக்கு எரிச்சல் உண்டாவதில்லை; பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நம்மோடு ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்தவன் முதன்முறையாகச் செய்தி கொடுக்க எழும்பும்போதுதான் வயிற்றில் ஏதோ புரள்கிறது. தாவீதை யுத்த மனுஷர்மேல் அதிகாரியாக்கியது சவுலே. தன் கையால் உயர்த்தியவன் தன்னைவிடப் பத்து மடங்கு என்று பெண்கள் பாடியதை அவனால் தாங்க முடியவில்லை.

நம் பகுதிக்கென்று வேறொரு காரணமும் உண்டு. அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பட்டப்படிப்பு முடித்து, அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கோ வளைகுடா விசாவுக்கோ காத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டில் இருக்கும் பிள்ளைகள்தாம் நம் வாலிபர் ஐக்கியங்களின் முதுகெலும்பு. சாலைச் சந்திப்பில் நின்றால் "என்ன மக்களே, வேலை ஒண்ணும் ஆகல்லியா?" என்று கேட்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனைச் "செயலர்" என்கிறார்கள், மைக்கைக் கையில் கொடுக்கிறார்கள், சிறுபிள்ளைகள் "அண்ணா" என்று ஓடிவருகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் ஒன்றுமில்லாதவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஏழாம் நாள் எத்தனை பெரியது! அதற்குப் பங்கு கேட்டு இன்னொருவன் வரும்போது, அவன் பதவியைக் கேட்பதாகத் தோன்றாது. தன்னையே பிடுங்குவதாகத் தோன்றும். இப்படிப்பட்ட பிள்ளையிடம் பொறாமைப்படாதே என்று அதட்டுவதைவிட, வேலையில்லாத நாட்களிலும் நீ தேவனுடைய பிள்ளைதான் என்பதைச் சபை அவனுக்கு உணரச் செய்வது நல்லது.

மொழியும் ஒரு காரணம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வந்தது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரி பேராயம் தனியாகப் பிரிந்தது. உறவும் படிப்பும் அந்த எல்லையைக் கவனிப்பதில்லை. திருவனந்தபுரத்தில் படித்துவிட்டுக் கீபோர்டும் மலையாளப் பாட்டுகளுமாகத் திரும்பி வருகிறவனைச் சிறுவர்கள் மொய்த்துக்கொள்ளும்போது, பத்து வருடமாகத் தமிழ்ப் பாமாலையும் கீர்த்தனையும் சொல்லிக்கொடுத்தவன் நம் பாட்டு அழிகிறதே என்று வருந்துகிறான். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அதற்குள்ளே பொறாமையும் ஒளிந்துகொள்ளும்.

எனக்குள் இருப்பது பொறாமைதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறாமை தன் சொந்தப் பெயரில் வருவதில்லை என்பதால் இது கடினமான கேள்வி. சபைக்குள் அது பெரும்பாலும் பக்தியின் சொற்களை உடுத்திக்கொண்டே நடமாடுகிறது. "பாட்டு நல்லாத்தான் இருந்தது, ஆனால் அபிஷேகம் இல்லை" என்று சொல்லுவோம். "அவனுக்காக விசேஷமாக ஜெபிக்க வேண்டும், பெருமை வந்துவிடக் கூடாது" என்று ஜெபக்குறிப்பாகவே அவனைக் குறைத்துவிடுவோம். ஒருவனைக் குறித்து நாம் கொடுக்கும் ஜெபக்குறிப்புகள் எல்லாம் அவன் குறைகளைப் பற்றியே இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

என் காரியத்தையே சொல்கிறேன். எனக்கு இருபத்துநான்கு வயது. எங்கள் சபையில் வாலிபர் ஞாயிறு. பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் தானே எழுதி மெட்டமைத்த பாட்டைப் பாடுவதாக இருந்தது. மாலைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எழுதுவது என் வேலை. முதலில் எழுதியபோது அவன் பாட்டு மூன்றாவதாக இருந்தது. சனிக்கிழமை இரவு, பயிற்சியில் அவன் பாடி முடித்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அமைதியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, வேறொரு தாள் எடுத்து, நீல மையில், அவன் பாட்டை நன்றியுரைக்குப் பின்னால் எழுதினேன். நேரம் போதாது, பாட்டு நீளம் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். நன்றியுரை தொடங்கினாலே நம் ஜனம் எழும்பிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அப்படியே நடந்தது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே அவன் பாடினான். அவன் அம்மா வாசலருகே மடக்கின குடையைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டார்கள். முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "அண்ணா, கடைசியிலாவது நேரம் ஒதுக்கினீங்களே, ரொம்ப நன்றி" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க இன்னும் பல மாதங்கள் ஆயின. அதுவரை மனச்சோர்வு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, உணர்ச்சியை ஆராய்வதைவிடக் கை என்ன செய்தது என்று பாருங்கள். அழைப்பை யாருக்கு அனுப்ப மறந்தீர்கள், யார் பெயரை நன்றி சொல்லும்போது விட்டீர்கள், யாருக்குக் கடைசி நேரத்தில் தகவல் சொன்னீர்கள் என்று கடந்த ஆறு மாதத்தை எண்ணிப் பார்த்தால், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமானால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கவனிக்காமல் விட்டால் தானே ஆறிவிடாதா?

சில நேரம் ஆறும். அவன் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனால். அதைச் சுகம் என்று சொல்ல முடியாது. சவுலின் கதையில் 1 சாமுவேல் 18:7-இல் ஒரு பாட்டு, 9-ஆம் வசனத்தில் ஒரு பார்வை, 11-ஆம் வசனத்தில் எறியப்பட்ட ஈட்டி. இடையில் ஒரு நாள்தான். அந்த ஈட்டியை எறிந்தபோது தாவீது செய்துகொண்டிருந்தது சவுலின் ஆறுதலுக்காகச் சுரமண்டலம் வாசித்ததே. தன்னைச் சுகப்படுத்தக்கூடியவனையே அவன் குறிவைத்தான். என் சபையில் எனக்கு உதவியாக இருந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான் பின்னுக்குத் தள்ளிய அந்தத் தம்பிதான் என்பதை மிகவும் தாமதமாகக் கண்டேன்.

ஜெபத்தில் எங்கே தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்குங்கள். "என்னில் பொறாமை ஏதேனும் உண்டானால் மன்னியும்" என்ற ஜெபம் எனக்கு ஒரு பயனும் தரவில்லை. "ஆண்டவரே, இன்னாருடைய குரலைக் கேட்டால் எனக்கு எரிச்சலாயிருக்கிறது, அவனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது எனக்கு வலிக்கிறது" என்று சொல்ல வாய் கூசியது, சொன்ன பிறகே சுவாசம் இலகுவாயிற்று.

இதில் நமக்கு முன்னோடியாக ஒரு பாடகர் தலைவரே இருக்கிறார். தாவீது கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகச் சேவிக்க ஏற்படுத்தினவர்களில் தலைவன் ஆசாப். 73-ஆம் சங்கீதத்தில் அவன், வீம்புக்காரர்மேல் "பொறாமைகொண்டேன்" என்று மறைக்காமல் எழுதி, தன் கால்கள் தள்ளாடுதலுக்குச் சற்றே தப்பியது என்றும், தான் தேவனுக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன் என்றும் சொல்லி, அதையே சபை பாடும் பாட்டாக்கிக் கொடுத்தான். அவன் பொறாமைப்பட்டது துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு. நாம் பொறாமைப்படுவது நல்ல சகோதரனைக் கண்டு. ஆனாலும் அவன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன வழி நமக்கும் திறந்தே இருக்கிறது.

பிறகு, அவன் பெருகும்படி ஜெபியுங்கள். அவன் திருந்தும்படி அல்ல. "வருகிற ஞாயிறு அவன் இன்னும் நன்றாகப் பாடட்டும்" என்று கேளுங்கள். முதல் வாரம் உதடு மட்டும் சொல்லும். அதை மாய்மாலம் என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். மனம் உதட்டுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வரும்.

யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

ஒருவரிடம் சொல்லுங்கள், குழுவில் சொல்லாதீர்கள். உங்களைவிட மூத்தவராக, சபைப் பதவிக்கு ஆசைப்படாதவராக, கேட்டதைத் தம் வீட்டில்கூடச் சொல்லாதவராக அவர் இருக்க வேண்டும்.

நான் போனது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம். அவருக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. விடியற்காலையில் பால்வெட்டு நடக்கும்போதே போய்விட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மரங்களைக் காட்டி, "மக்களே, இது ரெண்டும் ஒரே நாளில் நட்ட ஒட்டுக்கன்று. இதில் சிரட்டை நிறையும், அதில் பாதிதான். அதுக்காக அதை ஆழமா வெட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டார். ரப்பர் வெட்டத் தெரிந்த எவருக்கும் பதில் தெரியும்: கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொட்டால் மரத்தில் காயம் விழும், பட்டை புடைத்துப்போகும், பிற்பாடு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவும் முடியாது. "நீ உன்னை அப்படித்தான் வெட்டிக்கிட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் கட்டன் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

அவனிடமே போய், "உன்மேல் பொறாமைப்பட்டேன்" என்று சொல்ல வேண்டுமா?

இதில் பலர் என்னோடு உடன்படமாட்டார்கள். பொறாமை மனத்தில் மட்டும் இருந்திருந்தால், அவனிடம் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. ஒன்றும் அறியாதவனிடம் போய் அதைச் சொன்னால் நம் பாரம் அவன் தோளுக்கு மாறுகிறது; அடுத்த முறை பாட எழும்பும்போது அவன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடுவான். ஆனால் செயலால் அவனுக்குத் தீங்கு செய்திருந்தால், அந்தச் செயலுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். எனக்கு அந்த நிகழ்ச்சி நிரல் இருந்தது. அடுத்த ஆண்டு வாலிபர் ஞாயிறுக்கு முன்பு அவன் வீட்டுக்குப் போய், "தம்பி, போன வருஷம் உன் பாட்டை வேணும்னேதான் கடைசியில் போட்டேன், என்னை மன்னிக்கணும்" என்றேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்குத்தான் அன்னைக்குக் கஷ்டமா இருந்தது, அண்ணா" என்றான். நான் அவர்களிடமும் போய்க் கேட்டேன். அது எளிதாக இருக்கவில்லை.

மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். சவுலுக்குப் பிறகு அரசனாக வேண்டியவன் அவன் மகன் யோனத்தான். தாவீதின்மேல் பொறாமைப்பட உலகத்தில் எவருக்காவது காரணம் இருந்தால் அது அவனுக்குத்தான். அவன் தான் போர்த்துக்கொண்டிருந்த சால்வையையும், வஸ்திரத்தையும், பட்டயத்தையும், வில்லையும், கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான். வேதம் பொருள் பொருளாக எண்ணிச் சொல்வதைக் கவனியுங்கள். அவன் பொதுவாக வாழ்த்தவில்லை. தன் உடம்பில் இருந்ததைக் கழற்றினான்.

ஆதித் திருச்சபையின் பர்னபாவும் அப்படியே. அந்தியோகியாவில் சபை பெருகியபோது, எல்லாராலும் மதிக்கப்பட்ட அவர் தனியே நடத்தியிருக்கலாம். அவர் தர்சுவுக்குப் போய், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். அப்போஸ்தலர் 13-இன் தொடக்கத்தில் பர்னபாவின் பெயர் முன்னும் சவுலின் பெயர் பின்னுமாக வருகிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று வரிசை மாறுகிறது. தாம் அழைத்துவந்தவரின் பெயர் தமக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் தொடர்ந்து நடந்தார். இருவரும் பிறகு மாற்குவின் காரியத்தில் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள் என்பதும் உண்மைதான். அந்தப் பிளவும் பர்னபா இன்னொரு இளைஞனுக்கு மறுவாய்ப்புக் கேட்டதால் வந்தது.

நம் அளவில் இது மிகச் சிறிய காரியங்களாகவே இருக்கும். அடுத்த முகாமில் நீங்கள் நடத்தும் வேதபாடம் ஒன்றை அவனுக்குக் கொடுங்கள். மிஞ்சிப்போன பிற்பகல் வேளையை அல்ல, காலை வேளையையே கொடுங்கள். அவன் இல்லாத இடத்தில் அவனைப் பாராட்டுங்கள். உங்கள் குறிப்பு நோட்டையும் பாட்டுத் தாள்களையும் அவன் கேட்காமலே கொடுங்கள்.

கமிட்டி உண்மையிலேயே ஓரவஞ்சனை செய்கிறது. அதைக் கேட்டால் எனக்குப் பொறாமை என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. குடும்பம் பார்த்தும், பணம் பார்த்தும், சாதி பார்த்தும் பொறுப்புகள் போகும் சபைகள் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். அநியாயத்தைக் கேட்கிறவன் வாயைப் பொறாமை என்ற ஒரே சொல்லால் அடைப்பது பெரும் பாவம் என்று நான் நம்புகிறேன். கிரேக்க விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழும்பியபோது அப்போஸ்தலர்கள் அதைப் பொறாமை என்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் செய்து ஒழுங்கு பண்ணினார்கள்.

உங்கள் குறை எந்த வகை என்று அறிய ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பொறுப்பு அவனிடமிருந்து எடுக்கப்பட்டு, உங்களுக்கும் வராமல், தகுதியுள்ள மூன்றாவது ஒருவருக்குப் போனால் உங்கள் மனம் நிறையுமா? நிறையும் என்றால் தைரியமாகப் போய்க் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஆயரிடமும் கமிட்டியிடமும் நேரில் கேளுங்கள், தேநீர்க்கடையில் அல்ல. நிறையாது என்றால் நியாயமும் பொறாமையும் உங்களுக்குள் கலந்து கிடக்கின்றன. அப்போதும் நியாயத்தை விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் இரண்டையும் பிரித்துக்கொண்டு, பிறகு போக வேண்டும்.

தோழிக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, வேலையும் கிடைத்துவிட்டது. பெண்பிள்ளைகள் குழுவை நடத்தும் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இதுவும் பொறாமைதானா?

பாதி பொறாமை, பாதி துக்கம். ராகேல் தன் சகோதரியின்மேல் பொறாமைப்பட்டாள் என்று ஆதியாகமம் 30 சொல்லும்போது, பிள்ளையில்லாத அவளுடைய வேதனையையும் அதே வசனத்தில் வைக்கிறது. துக்கத்தைத் துக்கமாகவே தேவனிடம் அழுது சொல்லுங்கள் தங்கச்சி. அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். கல்யாணத்துக்குப் போங்கள், ஆனால் முழுநாளும் நின்று பரிமாற வேண்டும் என்று உங்களையே வருத்தாதீர்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் யூடியூபும் பார்த்தாலே எரிகிறது.

பார்ப்பதைக் குறையுங்கள். ஊழியம் முடிந்த அன்று இரவில் யார் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதை அடியோடு நிறுத்துங்கள். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று எண்ணுகிறேன்.

நான் வளர்த்த பிள்ளைகள் பக்கத்துச் சபைக்கும் ஐக்கியத்துக்கும் போய்விடுகிறார்களே?

இது உண்மையான வலி. யோவான்ஸ்நானனிடமும் அவருடைய சீஷர்கள் இதே குறையோடு வந்தார்கள்: எல்லாரும் இயேசுவினிடத்தில் போகிறார்கள் என்று. "பரலோகத்திலிருந்து ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டாலொழிய, அவன் ஒன்றையும் பெற்றுக்கொள்ளமாட்டான்" என்பதே அவர் சொன்ன முதல் பதில். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்பது அதற்குப் பிறகு வருவது. கூட்டம் தமக்குக் கொடுக்கப்பட்டிருந்தது, தமக்குச் சொந்தமாயிருக்கவில்லை என்று அறிந்திருந்ததால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

நம் மண்ணிலேயே ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். உடல் தளர்ந்து 1816-இல் போகும்போது பொறுப்பை மயிலாடி வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ரிங்கல்தௌபேயைப் பற்றிய செய்தியே வரவில்லை. 1818-இல் மீட் என்ற மிஷனரி வந்த பிறகே ஜனம் திரளாகச் சேர்ந்தது, நாகர்கோவிலில் பெரிய ஆலயம் எழும்பியது, அச்சகம் வந்தது, பள்ளிகள் பெருகின. நட்டவர் அறுப்பைக் காணவில்லை. இடையில் காத்த உள்ளூர்க்காரரைப் பலருக்கு நினைவும் இல்லை. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் எழுதியதை நான் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் வேதமாணிக்கம்தான்.

பிள்ளைகள் போகும்போது அவர்களைத் திட்டி அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த வசனம் அவர்களோடு எல்லையைத் தாண்டிப் போகிறது.

மற்றவர்கள் என்மேல் பொறாமைப்பட்டால் எப்படி நடந்துகொள்வது?

கிதியோனைப் பாருங்கள். மீதியானியரை வென்றபின், எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று எப்பிராயீம் கோத்திரத்தார் அவனோடு பலமாய் வாக்குவாதம் பண்ணினார்கள். வெற்றி பெற்றவன் சொல்லக்கூடிய பதில் பல உண்டு. அவனோ, நீங்கள் செய்ததற்கு நான் செய்தது எம்மாத்திரம், எங்கள் முழு அறுப்பைப் பார்க்கிலும் உங்கள் மீதியான அறுப்பு அதிகம் அல்லவா என்றான். அவர்கள் கோபம் ஆறிற்று. உங்கள் வரத்தை மறைக்க வேண்டாம், அதற்காக வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம்; எரிகிறவன் செய்த நன்மை ஒன்றை உண்மையாகக் கண்டுபிடித்து அவனிடமே சொல்லுங்கள். அப்படியும் அவன் ஆறாவிட்டால், தாவீது ஈட்டிக்கு விலகியதுபோல விலகிக்கொள்ளுங்கள். அந்த ஈட்டியைப் பிடுங்கித் திருப்பி எறியாதீர்கள்.

இது என்றாவது முழுவதும் போய்விடுமா?

எனக்குப் போகவில்லை, ஆனால் அதன் பலம் குறைந்திருக்கிறது. முன்பு வாரக்கணக்கில் உள்ளே கிடந்தது, இப்போது வந்த அன்றே அடையாளம் தெரிகிறது. அந்தத் தம்பி இப்போது எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறான். கடந்த கிறிஸ்துமஸ் பவனியில் வீடு வீடாகப் போனபோது, ஒரு வீட்டில் வயதான அம்மை ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளை பாடினாத்தான் எனக்குக் கிறிஸ்துமஸ்" என்றார்கள். பதினைந்து வருடம் அந்த வீட்டுக்கு முன்னால் பாடியவன் நான். உள்ளே அந்தப் பழைய முள் அசைந்தது. வெளியே வந்து நடக்கும்போதே அவனுக்காக ஜெபித்தேன். அடுத்த வீட்டு வாசலில் பாட்டு நோட்டைப் பிரித்து, அவன் வாசிப்பதற்கு வெளிச்சம் விழும்படி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.